ஒரே புகார், இரண்டு பழுதுகள்: சுற்றாமல் நின்ற ஒரு வாஷிங் மெஷினின் நிகழ்வு ஆய்வு

"துவைக்கவும் மாட்டேங்குது, பிழியவும் மாட்டேங்குது" என்று அந்த வீட்டு அம்மா மூன்று வார இடைவெளியில் இரண்டு மெக்கானிக்குகளிடம் சொல்லியிருந்தார். மூன்றாவதாக என்னை அழைத்தபோதும் ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார். முதல் முறை அவர் அதைச் சொன்னபோது இயந்திரத்தை நிறுத்திய பழுது வேறு, அடுத்த முறை நிறுத்திய பழுது வேறு. புகார் ஒன்றாக இருந்ததால் பழுதும் ஒன்றுதான் என்று வீட்டாரும் வந்து பார்த்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் சரியாகவே செய்யப்பட்ட முதல் வேலை வீண் என்று தோன்றியது. இரண்டாம் முறை, எந்தக் குறையும் இல்லாத ஒரு பாகத்துக்கு விலை பேசப்பட்டது.

இயந்திரம் 6.5 கிலோ கொள்ளளவு கொண்ட, மேல்பக்கம் திறக்கும் முழுத் தானியங்கி வகை. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்னையின் தெற்குப் புறநகரில், போர் தண்ணீரையே முழுவதும் நம்பியிருக்கும் ஒரு வீட்டில், சமையலறைக்குப் பின்னால் கம்பித் தடுப்புப் போட்ட சிறிய இடத்தில் அது நிற்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பம் என்பதால் நாள்தோறும் ஒரு முறையாவது ஓடும். குழாய்களின் வாயிலும் பக்கெட்டின் விளிம்பிலும் படிந்திருந்த வெள்ளை உப்புக் கறையைப் பார்த்தாலே அங்குள்ள தண்ணீரின் தன்மை புரியும். இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. பெல்ட் பூட்டிய இவ்வகை இயந்திரங்களின் அடிவயிறு, எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எது எதைச் சுற்றுகிறது

பழுதைப் பேசுவதற்கு முன் இயங்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. இவ்வகை இயந்திரத்தில் துவைப்பதற்கும் பிழிவதற்கும் ஒரே மோட்டார்தான். அது நான்கு துருவங்கள் கொண்ட ஒற்றை ஃபேஸ் மோட்டார்; நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் ஒத்திசைவு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று, சுமை ஏறும்போது அதைவிடச் சற்றுக் குறைவு. மோட்டாரின் சிறிய புல்லியிலிருந்து பெல்ட் வழியாக கியர்பாக்ஸின் பெரிய புல்லிக்குச் சுழற்சி போகும்போது வேகம் ஏறத்தாழப் பாதியாகி, 700 சுற்றை ஒட்டி வந்துவிடும்.

கியர்பாக்ஸில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள் உள்ளன. உள்தண்டு, தொட்டியின் அடியில் துணியைக் கலக்கும் பல்சேட்டர் என்ற தட்டைச் சுற்றும்; குழாய் போன்ற வெளித்தண்டு, துணி கிடக்கும் எஃகுக் கூடையைச் சுற்றும். துவைக்கும்போது கூடையை பிரேக் பட்டை பிடித்துக்கொள்ள, உள்தண்டு மட்டும் கியர்களால் வேகம் குறைக்கப்பட்டு, பல்சேட்டரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் திருப்பும். பிழியும் நேரம் வந்ததும் டிரெய்ன் மோட்டார் என்ற சிறிய மோட்டார் ஒரு கம்பியை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் தண்ணீர் வெளியேறும் வால்வும் திறக்கும், கிளட்ச் நெம்புகோலும் நகரும். நெம்புகோல் நகர்ந்ததும் பிரேக் விடுபட்டு, கிளட்ச் சுருள்வில் இறுகி, இரண்டு தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட, கூடையும் பல்சேட்டரும் சேர்ந்து முழு வேகத்தில் ஒரே திசையில் சுழலும். வெளித்தண்டைத் தாங்கும் பேரிங்குகள் பிழியும்போது மட்டுமே வேலை செய்கின்றன. துவைக்கும்போது அவை அசைவதே இல்லை.

மின்சாரப் பக்கம் இதைவிட எளிது. மோட்டாருக்குள் ஒரே அளவுள்ள இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. இரண்டின் ஒரு முனை பொதுவாகச் சேர்ந்திருக்கும், மற்ற இரு முனைகளுக்கு இடையில், மின்னூட்டத்தைத் தேக்கி விடும் கெப்பாசிட்டர் இணைந்திருக்கும். போர்டு (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) எந்த முனைக்கு மின்சாரம் தருகிறதோ அந்தச் சுற்று நேராகவும், மற்றது கெப்பாசிட்டர் வழியாகவும் ஊட்டம் பெறும். முனையை மாற்றினால் திசை மாறும். கெப்பாசிட்டர் செத்துவிட்டால் மோட்டார் உறுமுமே தவிரத் தானாகத் தொடங்காது. எந்தப் பக்கம் கையால் தள்ளிவிடுகிறோமோ அந்தப் பக்கம் ஓடத் தொடங்கும்.

முதல் முறை நடந்தது

முதல் மெக்கானிக் வந்தபோது நான் அங்கில்லை. ஆனால் அந்த அம்மா விவரமாகச் சொன்னார்: தண்ணீர் நிறைந்தது, பிறகு "ம்ம்ம்" என்று உள்ளே ஒரு சத்தம் மட்டும் வந்து வந்து நின்றது, பல்சேட்டர் ஒரு முறைகூடத் திரும்பவில்லை; பிழியும் கட்டத்துக்கு மாற்றிப் பார்த்தபோதும் அதே உறுமல்தான்.

இந்த உறுமலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் உணர்வதில்லை. உறுமல் கேட்கிறது என்றால் போர்டு மோட்டாருக்கு ஆணை கொடுத்துவிட்டது என்று பொருள். தண்ணீர் மட்டத்தை உணரும் சென்சார் "போதும்" என்று சொல்லாமல் போர்டு துவைக்கத் தொடங்காது. மூடி மூடியிருப்பதாக ஸ்விட்ச் சொல்லாமல் பிழியத் தொடங்காது. ஆகவே ஒரே உறுமல், சென்சார், மூடி ஸ்விட்ச், போர்டு, மோட்டாருக்குப் போகும் வயர் ஆகிய நான்கையும் சந்தேகப் பட்டியலிலிருந்து பெருமளவுக்கு நீக்கிவிடுகிறது. துவைப்பது, பிழிவது ஆகிய இரண்டும் தொடக்கத்திலேயே நின்றிருக்கின்றன என்பதால், இரண்டுக்கும் பொதுவான மோட்டார், கெப்பாசிட்டர், பெல்ட் என்ற மூன்றில்தான் காரணம் இருக்க வேண்டும். பெல்ட் அறுந்திருந்தால் மோட்டார் தடையின்றி ஓடும் சத்தம் கேட்குமே தவிர உறுமல் கேட்காது. அவர் கெப்பாசிட்டரை மாற்றினார், இயந்திரம் ஓடியது.

அவர் முடிவு சரியானது என்பதற்கு எனக்குச் சான்றும் கிடைத்தது. கழற்றிய பழைய கெப்பாசிட்டரை அந்த அம்மா தூக்கிப் போடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். (பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.) அதன் மேல் 12 மைக்ரோஃபாரட், கூடக்குறைய 5 சதவீதம் என்று அச்சாகியிருந்தது, அதாவது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். மீட்டரில் 4.1 காட்டியது. உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு, வெப்பத்தாலும் வயதாலும் புள்ளி புள்ளியாக எரிந்து குறைந்துகொண்டே போவது இவ்வகை கெப்பாசிட்டர்களின் இயல்பான முடிவு. வெடிக்காமல், வீங்காமல், பார்வைக்குப் புதிதாகவே இருந்துகொண்டு அது செத்துப்போகும்.

அவர் செய்த வேலையில் ஒரேயொரு குறை: 12 இருந்த இடத்தில் 10 மைக்ரோஃபாரட் போட்டிருந்தார். பையில் இருந்ததைப் போட்டிருக்க வேண்டும். அதை அளந்தபோது 9.8 வந்தது. இத்தனை சிறிய வேறுபாட்டால் நல்ல நிலையில் உள்ள இயந்திரம் ஓடாமல் போகாது. தொடங்கும் விசை சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஆனால் இந்த இயந்திரம் நல்ல நிலையில் இல்லை.

இரண்டாம் முறை

மூன்று வாரம் கழித்துப் புகார் திரும்பி வந்தது. இம்முறை வேறொருவர் வந்தார். அவர் வந்த நேரத்தில் இயந்திரம் பாதி ஓட்டத்தில் நின்றிருந்தது, உறுமல்கூட இல்லை. மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டின் இரண்டு வெளியீடுகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். போர்டு ஆணை தராத வெளியீட்டிலும் நூறு வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. டிரையாக் (மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு ஸ்விட்ச்) ஷார்ட் ஆகிவிட்டது, இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகிறது, போர்டை மாற்ற வேண்டும் என்று விலை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த மீட்டர் காட்டிய எண் பொய்யானது அல்ல, அதன் பொருள்தான் வேறு. டிரையாக்கைப் பாதுகாக்க அதற்கு இணையாக ஒரு மின்தடையும் சிறு கெப்பாசிட்டரும் கொண்ட இணைப்பு பல போர்டுகளில் இருக்கும். டிரையாக் அணைந்திருக்கும்போதும் அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். மோட்டார் இணைந்திருந்தால் அந்தக் கசிவு சுற்றில் கரைந்துபோகும், மின்னழுத்தம் தெரியாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, 10 மெகாஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டரை வைத்தால், கசிவுக்குப் போக வேறு வழியில்லாததால் மீட்டரில் பெரிய எண்ணாக நிற்கும். இதைப் பேய் வோல்ட்டேஜ் என்று பயிற்சிக் கூடங்களில் கிண்டலாகச் சொல்வதுண்டு. மோட்டாரை இணைத்து ஓடவிட்டு அளந்தாலும் குழப்பம் தீராது. ஓடும் மோட்டாரில் கெப்பாசிட்டர் பக்கத்து முனையிலும் மின்னழுத்தம் இருக்கும், சில வேளை அது வீட்டு மின்னழுத்தத்தைவிட உயரவும் செய்யும்.

நான் போர்டைச் சோதித்தது பழைய முறையில். மோட்டார் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரையும் பிரித்துவிட்டு, இரண்டு வெளியீடுகளிலும் ஆளுக்கொன்றாக 40 வாட் குண்டு பல்புகளை நியூட்ரலோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். தண்ணீர் நிறைந்து துவைக்கும் கட்டம் வந்ததும், இடது பல்பு எரிந்து அணைந்தது, ஒரு சிறு இடைவெளி, பிறகு வலது பல்பு எரிந்து அணைந்தது. இடைவெளியில் இரண்டும் முழுக்க இருட்டு. டிரையாக் ஷார்ட்டாக இருந்தால் ஒரு பல்பு அணையவே அணையாது. கசிவு மின்னோட்டத்துக்குப் பல்பை எரிய வைக்கும் வலு இல்லை என்பதால், இந்த இடத்தில் பல மடங்கு விலையுள்ள மீட்டரைவிட இந்தப் பல்புதான் நம்பத்தக்க சாட்சி. இச்சோதனையை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: பல இயந்திரங்களின் போர்டுகளில் தாழ்மின்னழுத்தப் பகுதிகூட வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாமல் இருக்கும், போர்டின் எந்தப் புள்ளியையும் விரலால் தொடத் தகுந்ததாகக் கருதக் கூடாது. கெப்பாசிட்டரைத் தொடும் முன்பு அதில் தேங்கிய மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாகவோ பல்பு வழியாகவோ இறக்கிவிட வேண்டும்.

முழு ஓட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தது

போர்டு நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு நான் எதையும் கழற்றவில்லை. அன்றைய அழுக்குத் துணியை வழக்கமான அளவில் போடச் சொல்லி, முழு ஓட்டத்தையும் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். மாலை ஏழு மணி. வீட்டு மின்னழுத்தம் 206 வோல்ட் இருந்தது.

தண்ணீர் நிறைந்தது. பல்சேட்டர் இரண்டு திசையிலும் ஒழுங்காகத் திரும்பியது. பன்னிரண்டு நிமிடத் துவைப்பு எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது; வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 1.7 ஆம்பியரை ஒட்டியே இருந்தது. அந்த அம்மாவுக்கே வியப்பு. "தம்பி, துவைக்குதே!" என்றார். தண்ணீர் வடிந்தது, டிரெய்ன் மோட்டார் கம்பியை இழுத்தது, கூடை சுழலத் தொடங்கியது. சுழலத் தொடங்கியதே தவிர வேகம் எடுக்கவில்லை. மின்னோட்டம் 2.6 ஆம்பியருக்கு ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் இருந்த அளவோ 1.9. கூடை ஒரு சோம்பலான சுற்றில் கரகரவென்று போய்க்கொண்டிருக்க, நான்காவது நிமிடத்தில் திடீரென்று எல்லாச் சத்தமும் அடங்கியது. மின்னோட்டம் சுழியம். திரையில் நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பிழை எண் எதுவும் வரவில்லை. பிறகு அலசுவதற்காகத் தண்ணீர் நிறைந்தது, பல்சேட்டர் அசையவில்லை. போர்டு தன் அட்டவணைப்படி அலசி, பிழிந்து, மணியடித்து வேலையை முடித்துக்கொண்டது. துணி சோப்பு போகாமல், நீர் சொட்டச் சொட்ட அப்படியே கிடந்தது.

துணியை எடுக்க வரும்போது வீட்டார் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் காட்சிதான்: துவைக்கவும் இல்லை, பிழியவும் இல்லை. முதல் முறை இரண்டு வேலையும் தொடக்கத்திலேயே நின்றன. இம்முறை துவைப்பு நன்றாக நடந்து, பிழிதல் திணறி, அதன் பிறகுதான் அலசலும் நின்றது. என்ன நின்றது என்பதில் இரண்டு முறைக்கும் வேறுபாடே இல்லை. எப்போது நின்றது என்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருந்தது. அதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

ஓட்டம் முடிந்த கையோடு மின்சாரத்தைத் துண்டித்து, பின்மூடியைத் திறந்து, மோட்டார் பிளக்கில் ஓம் அளவு எடுத்தேன். பொது முனைக்கும் மற்ற இரு முனைகளுக்கும் இடையில் இணைப்பே இல்லை. இரு முனைகளுக்கு இடையில் மட்டும் 36.4 ஓம் இருந்தது. இதைப் பார்த்து மோட்டார் சுற்று அறுந்துவிட்டது என்று முடிவு கட்டுவது மிக எளிது. ஆனால் பொது முனையின் பாதையில் ஒரு வெப்பக் காப்பு இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அது தானாகத் துண்டித்துக்கொள்ளும், ஆறிய பிறகு தானாகச் சேர்ந்துகொள்ளும். முக்கால் மணி நேரம் கழித்து அளந்தபோது இணைப்பு திரும்ப வந்திருந்தது. மறுநாள் காலை, இரவு முழுவதும் ஆறிய மோட்டாரில் ஒரு பக்கம் 14.1, மறுபக்கம் 14.2, முனைகளுக்கு இடையில் 28.3 ஓம் கிடைத்தது. இரண்டு சுற்றும் சமம், கூட்டினால் மொத்தம்: மோட்டார் நலம்.

அந்த 36.4 என்ற எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. செம்புக் கம்பியின் தடை வெப்பத்தோடு ஒரே சீராக ஏறும், வெப்பநிலையோடு 234.5 கூட்டிய இரண்டு எண்களின் விகிதமும் தடைகளின் விகிதமும் ஒன்றாக இருக்கும் என்பது மோட்டார் சோதனையில் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு. ஆறியபோது சுற்றுப்புறம் 32 டிகிரி என்று வைத்தால், 36.4 ஓம் என்பது ஏறத்தாழ 108 டிகிரி செல்சியஸ். மூடியைத் திறந்து அளப்பதற்குள் சற்று ஆறியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், துண்டித்துக்கொண்ட காப்பு தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு வயரை நேராகச் சேர்த்துவிடும் கொடுமையையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அடுத்து எரிவது மோட்டார்.

கையால் கண்டது

மோட்டார் நலமாக இருந்தும் பிழியும்போது மட்டும் சூடாகிறது என்றால், பிழியும்போது மட்டும் எதையோ இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எதை என்பதற்கு மீட்டர் தேவைப்படவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் இல்லாமல் மோட்டார் இரு திசையிலும் உடனே எழும்பி ஓடியது, 1.1 ஆம்பியர். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கியர்பாக்ஸின் பெரிய புல்லியைக் கையால் திருப்பினேன். எளிதாகத் திரும்பியது, மேலே பல்சேட்டர் மெதுவாக அசைந்தது. துவைக்கும் பாதையில் குறையில்லை. பிறகு டிரெய்ன் மோட்டாரின் கம்பியை முழுதாக இழுத்து ஒரு கட்டுக்கம்பியால் அந்த நிலையிலேயே கட்டிவைத்து, மேலிருந்து கூடையைக் கையால் சுழற்றினேன். நல்ல இயந்திரத்தில் வெறும் கூடை ஒரு தள்ளுக்குப் பல சுற்று போய்த்தான் நிற்கும். இது கையை எடுத்த இடத்திலேயே நின்றது. திருப்பும்போது மணலில் அம்மி இழுப்பது போல நெருநெருவென்றது.

பிரேக் பட்டை முழுதாக விடுபடாமல் இருந்தாலும் கூடை இப்படி இறுகலாம் என்பதால் அதையும் பார்த்தேன். நெம்புகோல் தன் எல்லை வரை நகர்ந்திருந்தது, பட்டைக்கும் உருளைக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. ஆகவே மிஞ்சியது வெளித்தண்டின் பேரிங். டார்ச் அடித்துப் பார்த்தபோது கியர்பாக்ஸின் உடம்பில் துருநிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. அதன் ஓரங்களில் வெள்ளை உப்பு. தொட்டியின் அடியில் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது என்பதை அந்தக் கோடே சொல்லியது.

"பிழியும்போது சத்தம் அதிகமாக வந்ததா?" என்று கேட்டேன். நான்கைந்து மாதத்துக்கு முன்பு விமானம் கிளம்புவது போலச் சத்தம் வந்ததாகவும், பிறகு அதுவாகவே குறைந்துவிட்டதாகவும், சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். சத்தம் குறைந்தது பேரிங் தேறியதால் அல்ல. பேரிங் இறுக இறுகக் கூடையின் வேகம் குறைந்தது. வேகம் குறையவே சத்தமும் குறைந்தது. அந்த நாள்களில் துணி முன்னைவிட ஈரமாக வந்ததை, மழைக்காலம் என்று நினைத்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு பழுதுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். பேரிங் பல மாதங்களாகவே இறுகிவந்தது. கெப்பாசிட்டர் அதற்குத் தொடர்பில்லாமல் தன் வயதால் தேய்ந்துவந்தது. பேரிங்தான் அதைக் கொன்றது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. கெப்பாசிட்டர் முதலில் விழுந்து, எல்லாவற்றையும் நிறுத்தியதால், பேரிங்கின் குறை அதன் நிழலில் மறைந்துகொண்டது. புதிய கெப்பாசிட்டர் வந்ததும் இயந்திரம் ஓடியது. ஆனால் அளவு ஆறில் ஒரு பங்கு குறைவு. அதோடு மாலை மின்னழுத்தம் சேர்ந்தது: இவ்வகை மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட்டில் கிடைப்பதில் 206 வோல்ட்டில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் கிடைக்கும். மேலேயிருந்து விசை குறைய, கீழேயிருந்து தடை ஏற, மூன்றாவது வாரத்தில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. காலையில் போட்டால் சில நாள் முழுதாக ஓடியது என்று வீட்டார் சொன்னதும் இதோடு பொருந்துகிறது.

பிரித்துப் பூட்டியது

பேரிங்கை மட்டும் தட்டி எடுத்து மாற்றுவோரும் இருக்கிறார்கள். தண்ணீர் இறங்கிய கியர்பாக்ஸில் தண்டின் பரப்பும் துருவால் அரித்திருக்கும், அரித்த தண்டில் புதுச் சீல் நெடுநாள் நிற்காது என்பதால் கியர்பாக்ஸை முழுதாக மாற்றுவதையே நான் சொன்னேன். விலை, போர்டுக்குச் சொன்ன தொகைக்குக் கிட்டத்தட்ட அதேதான். மிச்சம் என்று பெருமையடிக்க ஒன்றுமில்லை.

வேலையில் கடினமானது பல்சேட்டரை எடுப்பதுதான். நடு ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகும் உப்பு இறுகியதால் அது அசையவில்லை. வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, விளிம்பின் கீழே எதிரெதிர் பக்கங்களில் பழைய பெல்ட்டை நுழைத்து மேலே இழுத்த பிறகே வந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். கூடையைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுக்கு அதற்கென்றே உள்ள பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். அது எந்தப் பக்கம் கழலும் என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் சுத்தியலை எடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. கூடைக்கு அடியில் சேறு போன்ற சோப்புப் படிவும், இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும், ஒரு ஹேர்பின்னும் கிடந்தன. இயந்திரத்தைப் பழைய மெத்தையில் சாய்த்து, கியர்பாக்ஸைக் கழற்றி, புதியதையும் புதுச் சீலையும் பூட்டினேன். பழைய பெல்ட்டின் உள்பக்கம் வழுக்கி வழுக்கிக் கண்ணாடி போல மின்னியதால் அதையும் மாற்றினேன். பெல்ட்டை வீணைத் தந்தி போல இறுக்கிவிடக் கூடாது; அது மோட்டாரின் பேரிங்கையும் புதுக் கியர்பாக்ஸையும் ஒருசேரத் தின்னும். கெப்பாசிட்டரை 12 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் அளவுக்கே திருப்பினேன். மோட்டார் கெப்பாசிட்டருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2993 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது என் வழக்கம்.

அன்று மாலை மின்னழுத்தம் 209. அதே அளவு துணி. பிழியத் தொடங்கியதும் மின்னோட்டம் 2.5 ஆம்பியருக்கு ஏறி, இருபது விநாடிக்குள் 1.4க்கு இறங்கியது. இறங்கியது என்பதுதான் முக்கியம். கூடை வேகம் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மூன்று ஓட்டம் அடுத்தடுத்து ஓட்டியும் காப்பு துண்டிக்கவில்லை.

மற்ற இயந்திரங்களில் இதே புகார்

இதே புகார் வரும் எல்லா இயந்திரங்களுக்கும் இந்த விடை பொருந்தாது. உறுமலே இல்லாமல் தொடக்கத்திலேயே இரண்டும் நின்றிருந்தால், எங்கள் ஊர்களில் நான் முதலில் பார்ப்பது எலி கடித்த வயரைத்தான். அடிப்பக்கம் திறந்திருக்கும் இயந்திரங்கள் எலிக்கு நல்ல வீடு. துவைப்பு நன்றாக இருந்து பிழிதல் தொடங்கவே இல்லை என்றால் மூடி ஸ்விட்ச், அடைத்த வடிகுழாய், டிரெய்ன் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சுழலத் தொடங்கி, தடதடவென்று ஆடி, மீண்டும் தண்ணீர் பிடிக்கிறது என்றால் அது பழுதே அல்ல. துணி ஒரு பக்கம் குவிந்திருக்கிறது. பிழிதல் சரியாக இருந்து, துவைக்கும்போது மோட்டார் ஓடியும் துணி அசையவில்லை என்றால் பல்சேட்டரின் நடுப்பல் தேய்ந்திருக்கும். தண்ணீர் நிறைந்துகொண்டே போய்த் துவைப்பு தொடங்காவிட்டால், மட்ட சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தால் போதும். இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார் என்று தனித்தனியாக இருப்பதால், இரண்டும் ஒரே நாளில் நின்றால் மோட்டாரைத் தொடாமல் மின்சாரம் வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பின்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் உலர்ந்திருந்தது, கோடு எதுவும் இல்லை. தண்ணீர் அதே போர் தண்ணீர் என்பதால் சீல் மறுபடியும் தேயும். எப்போது என்று சொல்ல முடியாது. மூடியின் உட்புறத்தில் அழியாத மையால், கியர்பாக்ஸும் சீலும் மாற்றிய தேதி, கெப்பாசிட்டர் 12, முனைகளுக்கு இடையில் ஆறிய நிலையில் 28.3 ஓம், பிழியும்போது 1.4 ஆம்பியர் என்று எழுதிவிட்டு மூடினேன்.